குறிச்சிக்கிட்டோம், உக்காருங்க

கூட்டத்துக்கு வந்திருந்தவர்கள்:

கோபாலகிருஷ்ணன், அமுதம் அடுக்ககத்தின் செயலாளர். கல்பாக்கத்தில் முப்பத்து மூன்று வருடம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். விதி எண் சொல்லாமல் வாய் திறக்க மாட்டார்.

ஹரிகிருஷ்ணன், மூன்றாம் மாடி. சாப்ட்வேர் கம்பெனி. குடியிருப்பின் மின்னஞ்சல் குழுவை நடத்துகிறவன்.

ஸ்ரீதேவி, தரைத்தளம். போன மாதம்தான் வீட்டில் மர வேலை எல்லாம் செய்து முடித்தவள்.

ஷபானா, இரண்டாம் மாடி. பொத்தேரியில் கல்லூரி ஆசிரியை.

இனியன், தரைத்தளம். பொறியியல் படிப்பை மூன்றாம் வருடத்தில் விட்டுவிட்டு, ராத்திரி முழுக்க அமெரிக்காக்காரர்களின் கிரெடிட் கார்டு புகார்களைத் தொலைபேசியில் கேட்கிறவன்.

திருநாவுக்கரசு, வாட்ச்மேன். வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். அவரை வருகைப் பதிவில் எழுதுகிற வழக்கம் இல்லை.

முதல் மாடி முத்துசாமி வரவில்லை. யாரும் அவரைத் தேடவும் இல்லை.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருடம், அக்டோபர் கடைசி. முந்தின நாள் பிடித்த மழை கொஞ்சமும் விடவில்லை. கூடுவாஞ்சேரியில் ரயில் நின்றுபோய், ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. இனியன் காலையில் பெருங்களத்தூரிலிருந்து பாதி தூரம் நடந்தே வந்திருந்தான். படுக்கப் போன நேரத்தில் செயலாளர் கதவைத் தட்டினார். லிப்ட் குழியில் தண்ணீர். அவசரக் கூட்டம்.

சங்க அறை கட்டடத்தின் பின்பக்கம், மூன்று படி உயரத்தில் இருந்தது. மின்சாரம் காலையிலேயே போய்விட்டது. பகல் இரண்டு மணிக்கு மேஜையில் மெழுகுவத்தி எரிந்தது. ஜெனரேட்டரை ஓட்டலாமா, ஓட்டினால் யார் வீட்டுக்கு எத்தனை விளக்கு என்று ஹரியும் ஸ்ரீதேவியும் அரை மணி நேரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். இனியன் கண்ணை மூடியபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

முத்துசாமி பின்கதவு வழியாக உள்ளே வந்தார். லுங்கியைத் தொடைக்கு மேல் மடித்துக் கட்டியிருந்தார். மார்பு வரை சேறு. செங்கல்பட்டு தாலுகா ஆபீசுக்குத் தினமும் இஸ்திரி போட்ட சட்டையில் போகிற மனிதரை அந்தக் கோலத்தில் யாரும் பார்த்ததில்லை.

"சார், மதில்ல அடைச்ச வழிய ஒடைக்கணும். இப்பவே."

"பொறுமையா சொல்லுங்க, மிஸ்டர் முத்துசாமி. என்ன விஷயம்?" என்றார் கோபாலகிருஷ்ணன்.

"காலனில தெருவுல இடுப்பளவு தண்ணி நிக்குது சார். எங்கம்மா உள்ள கீறாங்க. மொத்தம் பதினோரு வூடு. எல்லாம் மண் செவுரு. அடி ஊறிகினே கீது. இன்னும் ஒரு மணி நேரம் நின்னா ஒவ்வொண்ணா விழுந்துடும். சின்னப் பசங்கள மேட்டுல கீற பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியாச்சி. பெரிசுங்க எழுந்து வர மாட்டேங்குதுங்க."

அமுதம் அடுக்ககத்துக்குப் பின்னால் ஏழடி மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் காலனி. முத்துசாமி அங்கே பிறந்தவர். சர்க்கார் வேலை கிடைத்து, கடன் போட்டு, மதிலுக்கு இந்தப் பக்கம் முதல் மாடியில் வீடு வாங்கினார். அவர் அம்மா காசியம்மாள் மட்டும் வர மாட்டேன் என்று தன் ஆடுகளோடு அந்தப் பக்கமே இருந்துவிட்டாள். கட்டடம் கட்டியவன் மதிலின் அடியில் மூன்றடி அகலத்துக்கு ஒரு வழி விட்டுக் கம்பி வலை போட்டிருந்தான். ஏரி நிரம்பி, உபரி நீர் வெளியேறுகிற கலங்கல் வழிந்தால் தண்ணீர் வருகிற வாய்க்காலின் மிச்சம் அது. அந்த வழியாக ஒருநாள் சாரைப்பாம்பு ஒன்று கார் நிறுத்துமிடத்துக்கு வந்தது. அடைத்துவிடலாம் என்று குழுவில் ஹரி எழுதினான்.

அடைக்காதீர்கள் என்று முத்துசாமி எழுதினார். நீளமான கடிதம். ஆங்கில எழுத்தில் தமிழ். சர்வே எண் போட்டு, கிராம வரைபடத்தின் நகலையும் இணைத்து, தன் அம்மா நாற்று நட்ட வயல் எது, வாய்க்கால் எந்தப் பக்கமாக ஓடியது, அடைத்தால் தண்ணீர் எங்கே தேங்கும் என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தார். அது மார்ச் மாதம். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ஏரியில் பையன்கள் கிரிக்கெட் ஆடினார்கள்.

குழுவில் அப்போது யாரும் புனைபெயரில் எழுதலாம். 'காலி டப்பா' என்ற பெயரில் ஒருவன் ஒரே வரி பதில் போட்டான்.

'குறிச்சிக்கிட்டோம், உக்காருங்க.'

காலி டப்பா இனியன்தான். அந்த ராத்திரி டெக்சாஸ் கிழவர் ஒருவர் நாற்பது நிமிடம் அவனைத் திட்டியிருந்தார். உங்கள் புகாரைப் பதிவு செய்துகொண்டோம் என்று அவரிடம் பதினாறு தடவை சொல்லியிருந்தான். அடுத்த அழைப்புக்கு முன்னால் ஐந்து நிமிடம் கிடைத்தது. கைக்கு வந்ததைத் தட்டினான். முத்துசாமி மேல் அவனுக்குக் கோபமோ பகையோ எதுவும் கிடையாது. கடிதத்தை அவன் கடைசி வரை படிக்கக்கூட இல்லை.

மறுநாள் எழுந்து பார்த்தபோது இருபத்திரண்டு பேர் சிரித்திருந்தார்கள். ஒரு வாரத்தில் அது குழுவின் வழக்கமாகிவிட்டது. தண்ணீர் லாரி தாமதம் என்று யாராவது எழுதினால் 'குறிச்சிக்கிட்டோம், உக்காருங்க.' நாய் குரைக்கிறது என்றால் அதுவேதான். முழுக்க எழுதச் சோம்பல்பட்டு 'கே.யூ.' என்று இரண்டு எழுத்தில் சுருக்கினார்கள். முத்துசாமி ஜூன் மாதம் மறுபடி எழுதினார். நாற்பத்தொரு பதில் வந்தது. முப்பத்தெட்டு கே.யூ. அந்த வாரமே கொத்தனார் வந்து வழியைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசிவிட்டுப் போனார். சுதந்திர தினத்தன்று கொடியேற்றி முடித்ததும் முத்துசாமி மழைக்காலம் வருகிறதே என்று பேச எழுந்தார். முன்வரிசையில் இருந்த குழந்தைகள் ஒரே குரலில் "உக்காருங்க!" என்று கத்தின. பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முத்துசாமி கொஞ்ச நேரம் நின்றார். பிறகு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் குழுவில் ஒரு வரி எழுதவில்லை.

அந்த வாசகம் ஹரியுடையது என்று எல்லாரும் நினைத்தார்கள். ஹரியும் இல்லை என்று சொல்லவில்லை. இனியனுக்கு அது வசதியாக இருந்தது.

இப்போது ஹரி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான்.

"சார், ஒரு நிமிஷம். அந்த வழிய ஒடைச்சா தண்ணி எங்க வரும்? நம்ம காம்பவுண்டுக்குள்ளதான வரும்?"

"வரும். வந்து ரெண்டு பக்கமும் சுத்தி முன்கேட் வழியா ரோட்டுக்கு அடில கீற குழாய்ப் பாலத்துக்குப் போயிடும். நிக்காது."

"தரைத்தளத்துக்குள்ள?"

"கணுக்காலு அளவு வரும். பொய் சொல்ல மாட்டேன்."

ஸ்ரீதேவி எழுந்துவிட்டாள். "கணுக்காலா? தரையோட ஒட்டின அலமாரிங்க அத்தனையும் ஊறிடும். யார் பதில் சொல்லுவா?"

"அலமாரி ஊறுனா காயும்மா. செவுரு ஊறுனா ஆள் மேல விழும்."

"சார், ஒடைச்சிடலாம் சார்," என்றாள் ஷபானா. "இதுல யோசிக்க என்ன இருக்கு?"

"நீங்க ரெண்டாவது மாடி. நீங்க சொல்லுவீங்க," என்றாள் ஸ்ரீதேவி.

கோபாலகிருஷ்ணன் கையை உயர்த்தினார். "பொறுங்க. விதி ஏழு. பொதுச் சொத்துல எந்த மாற்றம் செய்யறதா இருந்தாலும் குழுவுல போட்டு, நாற்பத்தெட்டு மணி நேரம் அவகாசம் குடுத்து, மூணுல ரெண்டு பங்கு சம்மதம் வாங்கணும்."

"கரண்ட் இல்ல சார்," என்றாள் ஷபானா. "எப்படிக் குழுவுல போடறது?"

"அதனாலதான் சொல்றேன். கரண்ட் வரட்டும்."

வாசலில் நின்ற திருநாவுக்கரசு சிரித்துவிட்டார். சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

முத்துசாமி ஒரு அடி முன்னால் வந்தார். "சார், அடைக்கும்போது ரெண்டு வாட்டி எழுதிக் கேட்டேன். மேப்போட அனுப்பினேன்."

ஹரியின் வாயில் அது தன்னால் வந்துவிட்டது. பழக்கம். "அதான் குறிச்சிக்கிட்டோமே சார்."

அறையில் யாரும் சிரிக்கவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. நனைந்த மூட்டையை மாடியிலிருந்து போட்டது போன்ற சத்தம். அதன் பிறகு பெண்களின் கூச்சல்.

"எல்லம்மா வூடு," என்றார் முத்துசாமி. அவர் குரல் மாறவில்லை. "அதுலேந்து மூணாவது எங்களுது."

"அந்தப் பக்கத்திலேருந்தே ஒடைக்க முடியாதா?" என்று கேட்டார் கோபாலகிருஷ்ணன்.

"மதில் ஓரத்துல கழுத்தளவு தண்ணி சார். முழுகிப் போய்த்தான் பார்த்தேன். உள்ள கை வைக்க முடியல. பூச்சு இந்தப் பக்கம்தான கீது. கடப்பாறை குடுங்க, நான் ஒடைக்கறேன்."

"கடப்பாறை மோட்டார் ரூம்ல இருக்கு. நான் செயலாளரா இருந்துக்கிட்டு சாவி எடுத்துக் குடுக்க முடியாது. நாளைக்கு யாராவது கேஸ் போட்டா என்னைத்தான் கேப்பாங்க. புரிஞ்சுக்குங்க. நீங்க சொல்றத நான் மறுக்கல. மினிட்ஸ்ல எழுதிக்கறேன்."

அவர் நிஜமாகவே நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார்.

இனியன் அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அவன் யோசித்ததெல்லாம் தன் வீட்டைப் பற்றித்தான். மதிலிலிருந்து வருகிற தண்ணீர் முதலில் நுழைகிற வீடு அது. அப்பா இறந்தபோது வந்த பணத்தில் வாங்கியது. அவனுடைய கம்ப்யூட்டர் தரையில் இருந்தது. அம்மா சம்பூர்ணம் இப்போது தூங்கிக்கொண்டிருப்பாள். இன்னும் ஐந்து நிமிடம் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், விஷயம் தானாகவே முடிந்துவிடும். மார்ச் மாதத்திலிருந்து அதைத்தான் செய்துவந்தான். பேனா தாளில் கீறுகிற சத்தம் அவன் காதுக்குள் வந்தது. டெக்சாஸ் கிழவர் கடைசியில் திட்டுவதை நிறுத்திவிட்டு, 'நீ எழுதவில்லை என்று எனக்குத் தெரியும்' என்று சொன்னது நினைவுக்கு வந்தது.

எழுந்து சுவரோரம் போனான். அங்கே ஆணிப் பலகையில் சாவிகள் தொங்கின. கீழே நூலில் கட்டிய சாவி நோட்டு. மோட்டார் ரூம் சாவியைத் தரைத்தளத்துக்காரர்கள் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பெயர், நேரம், காரணம் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அது விதி பன்னிரண்டு. தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிந்தால் மோட்டாரை நிறுத்துவதற்காகக் கோபாலகிருஷ்ணனே எழுதிய விதி.

இனியன் எழுதினான். பெயர்: இனியன். நேரம்: 2.40. காரணம்: மதில் அடைப்பை உடைக்க. கையெழுத்துப் போட்டான்.

"என்ன எழுதற?" ஹரி எட்டிப் பார்த்தான். "டேய், லூசா நீ? உன் வீட்டுக்குள்ளதான்டா முதல்ல வரும்!"

"தெரியும்."

"சாவிய வைடா!" ஹரி அவன் மணிக்கட்டைப் பிடித்தான். இனியன் இழுத்தான். மெழுகுவத்தி சாய்ந்து அணைந்தது. ஷபானா நடுவில் வந்து நின்றாள்.

"விடு ஹரி. கையெழுத்துப் போட்டாச்சு. விதி பன்னிரண்டு. சார், நான் சொல்றது சரியா தப்பா?"

கோபாலகிருஷ்ணன் சாவி நோட்டைப் பார்த்தார். தன் நோட்டைப் பார்த்தார். "எடுத்துட்டுப் போகட்டும்," என்றார். "ஆனா இது சங்கத்தோட முடிவு இல்ல. அவரோட சொந்தப் பொறுப்பு. அதையும் எழுதறேன்."

"எழுதுங்க சார்," என்றான் இனியன்.

ஸ்ரீதேவி அழுதுகொண்டே அலமாரிகளைக் காலி செய்ய ஓடினாள். இனியன் வீட்டு ஜன்னலைத் தட்டி, "அம்மா, தரையில இருக்கறத எல்லாம் கட்டில் மேல எடுத்து வை. தண்ணி வரும்," என்று கத்தினான்.

"எவ்ளோ வரும்?" என்றாள் சம்பூர்ணம் உள்ளிருந்து.

"கணுக்கால்."

"எப்படிடா இவ்ளோ கரெக்டா சொல்ற?"

அவன் நிற்கவில்லை.

பின்புறத்தில் கால் வைத்ததுமே மதில் கசிவது தெரிந்தது. பூச்சின் ஓரங்களில் தண்ணீர் நூல்நூலாக வடிந்தது. ஏழடி மதிலுக்கு மேலாக அந்தப் பக்கத்துக் கூச்சல் வந்துகொண்டே இருந்தது. இனியன் அடைப்புக்கு நேர் எதிரே நின்று கடப்பாறையை ஓங்கினான்.

"நேரா நிக்காத தம்பி!" முத்துசாமி அவன் தோளைப் பிடித்து இழுத்தார். "ஒடைஞ்சா ஒன்ன அப்படியே தூக்கினு போயிடும். பக்கவாட்டுல நின்னுகினு குத்து. மேல் வரிசைல ஆரம்பி."

குத்தினான். சிமென்ட் சிதறியது. உள்ளங்கை எரிந்தது. பத்துக் குத்துக்குள் மூச்சு வாங்கியது. இரண்டு வருடமாக நாற்காலியில் உட்கார்ந்தே பிழைத்த உடம்பு. திருநாவுக்கரசு குடையை எறிந்துவிட்டு வந்து கடப்பாறையைப் பிடுங்கினார்.

"நகரு நைனா. போன் பேசற கை இது. இங்க குடு."

மூன்று பேரும் மாறி மாறிக் குத்தினார்கள். கொத்தனார் நன்றாகத்தான் பூசியிருந்தார். அந்தப் பக்கம் மறுபடி அந்தச் சத்தம் கேட்டது. தொப். முத்துசாமி எண்ணினார். "ரெண்டு." கடப்பாறை அவர் கையில் இருந்தது. அடுத்த குத்தில் ஒரு செங்கல் உள்ளே போனது.

ஒரு நொடி எதுவும் நடக்கவில்லை. பிறகு அந்தச் செங்கல் தண்ணீரோடு வெளியே வந்து இனியனின் முழங்காலுக்குக் கீழே அடித்தது. அவன் விழுந்தான். பின்னாலேயே அடைப்பு முழுவதும் பெயர்ந்தது. காவி நிறத் தண்ணீர் உறுமிக்கொண்டு வந்தது. செருப்பு, பிளாஸ்டிக் குடம், செத்த கோழி எல்லாம் அதோடு வந்தன. திருநாவுக்கரசு அவன் சட்டைக் காலரைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போட்டார்.

தண்ணீர் கட்டடத்தில் மோதி இரண்டாகப் பிரிந்து முன்பக்கம் ஓடியது. ஸ்ரீதேவியின் அலறல் கேட்டது. மாடிகளிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

முத்துசாமி மதிலில் ஏறி அந்தப் பக்கம் குதித்தார்.

அவர் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆனது. மொத்தம் மூன்று வீடுகள் விழுந்திருந்தன. மூன்றாவது காசியம்மாளுடையது. பின்சுவர் விழும்போது அவள் வாசலில் ஆடுகளை அவிழ்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மீதி எட்டு வீடுகள் நின்றன. காலனித் தெருவில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியிருந்தது.

முன்கேட் வழியாகக் காசியம்மாள் உள்ளே வந்தாள். அந்தக் கட்டடத்துக்குள் அவள் கால் வைப்பது அதுதான் முதல் தடவை. தோளில் ஒரு குட்டி. பின்னால் இரண்டு ஆடுகளை முத்துசாமி ஓட்டிக்கொண்டு வந்தார். படிக்கட்டின் அடியில் ஹரியும் இன்னும் நாலு பேரும் தண்ணீரில் நின்றார்கள்.

"ஆடெல்லாம் மாடிக்கு ஏத்தக் கூடாதும்மா," என்றான் ஹரி. "ரூல்ஸ் இருக்கு."

காசியம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்த வூட்டுப் புள்ள நீ? தள்ளு. வழிய மறிச்சிகினு நிக்கறதே பொழப்பா உங்களுக்கு?"

ஹரி தள்ளி நின்றான்.

அவள் பாத்திர மூட்டை படியடியில் இருந்தது. இனியன் நொண்டிக்கொண்டே அதைத் தூக்கிக்கொண்டு அவர்கள் பின்னால் ஏறினான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. முதல் மாடியில் முத்துசாமி கதவைத் திறந்து அம்மாவையும் ஆடுகளையும் உள்ளே விட்டார். மூட்டைக்குக் கை நீட்டினார்.

இனியன் மூட்டையை உடனே விடவில்லை.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். அந்த வார்த்தை, உக்காருங்கன்னு... குழுவுல முதல்ல போட்டது ஹரி இல்ல. நான்தான்."

"தெரியும்."

"எப்படி?"

"மார்ச் பதினாலு. காத்தால மூணு மணி பத்து நிமிசம். அந்த நேரத்துல கம்ப்யூட்டர் எதிர்ல குந்திகினு கீறவன் இந்த பில்டிங்ல நீ ஒருத்தன்தான். பிரிண்ட் எடுத்து பைல்ல வச்சிகீறேன்."

"அப்ப ஏன் இத்தன நாளா என்னக் கேக்கல?"

"கேட்டிருந்தா இன்னா சொல்லியிருப்ப?"

இனியனிடம் பதில் இருந்தது. இரண்டே வார்த்தை. ஆகஸ்டில் கேட்டிருந்தாலும், போன வாரம் கேட்டிருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பான். அதுவும் புனைபெயரில்.

"மன்னிச்சிடுங்கண்ணே."

முத்துசாமி மூட்டையை வாங்கிக்கொண்டார். அவர் பார்வை கீழே இறங்கி அவன் காலில் நின்றது.

"ரத்தம் வருது. சாக்கடைத் தண்ணி. போய்க் கழுவினு ஊசி போட்டுக்கோ."

திரும்பி உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. முதலில் தாழ்ப்பாள் விழுந்தது. பிறகு சாவி இரண்டு சுற்று சுற்றியது.